சோஃபாவைக் கவிழ்த்துக் காட்டுங்கண்ணே!

மஞ்சக்குப்பம் கடையில் மூன்று பேர் உட்காரும் சோஃபாவுக்கு 18,500 சொன்னார்கள். பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. "அண்ணே, கொஞ்சம் கவிழ்த்துக் காட்டுங்க" என்றதும் கடைக்காரர் முகம் மாறிவிட்டது. அடியில் கறுப்புத் துணியின் ஓரம் பிரிந்திருந்தது. உள்ளே பார்ட்டிகிள் போர்டு (மரத்தூளைப் பசை போட்டு அழுத்திய பலகை), அதைப் பிடித்துக்கொண்டு வெறும் ஸ்டேப்ளர் பின். கடலூர் உப்புக் காற்றில் அந்தப் பின் எத்தனை நாள் தாங்கும்? போர்டோ தண்ணி பட்டால் அப்பளமாய் ஊதிவிடும். எங்கள் தெருவில் ஐப்பசி, கார்த்திகை என்றால் வாசல்வரை தண்ணி.

அடுத்தது ஃபோம். 40 டென்சிட்டி என்றால் ஒரு கன மீட்டர் ஃபோம் 40 கிலோ எடை என்று கணக்கு. கெட்டியா, மெத்தென்றா என்பது வேறு விஷயம். டென்சிட்டி கையால் அமுக்கிப் பார்த்தால் தெரியாது. பில்லில் எழுதித் தரச் சொன்னேன். "அதெல்லாம் எழுதுறதில்ல சார்." சரி, கிளம்பிட்டேன்.

பண்ருட்டிப் பக்கத்து ஆசாரி பலா மரத்தில் செய்ய 31,000 கேட்டார். பேசி 28,000. பலாப்பலகை புதிதில் மஞ்சளாக இருக்கும், போகப்போகச் செம்பழுப்பேறும். அந்த நிறத்துக்காகவே கொடுக்கலாம் என்பேன், வீட்டில் ஒத்துக்கொள்ளவில்லை. குஷன் தனி; ஃபோம் அமுங்கினால் அதை மட்டும் மாற்றலாம் என்றதும்தான் சம்மதம். அம்மாவுக்கு முட்டி வலி. "தாழ்வா வாங்கினா என்னைத் தூக்கிவிட ஆள் வைக்கணும்டா." அதனால் உட்காரும் உயரம் 18 அங்குலம்.

மொட்டைமாடிக்கு மட்டும் பிளாஸ்டிக் நாற்காலி. வெயிலில் வெளுக்கப்போவதற்கு எதற்குக் காசைக் கொட்டணும்?