குளிர்ந்த, ஈரமற்ற இடத்தில் வைக்கவும்

என் தாயார் அம்பாசமுத்திரத்திலிருந்து அனுப்பிவைத்த கல்லிடைக்குறிச்சி அப்பளக் கட்டின் மேலுறையில் ‘குளிர்ந்த, ஈரமற்ற இடத்தில் வைக்கவும்’ என்று அச்சிட்டிருந்தது. அந்த வரியை எழுதியவர் மொரீஷியஸ் தீவுக்கு ஒருமுறையேனும் வந்திருந்தால், நடுவில் ‘அல்லது’ என்று ஒரு சொல்லைச் சேர்த்திருப்பார். இந்தத் தீவில் குளிர்ந்த இடமும் உண்டு, ஈரமற்ற இடமும் உண்டு. இரண்டும் ஒன்றாக அமைந்த ஓரிடத்தை இங்கு வாழ்க்கைப்பட்டு வந்த ஒன்பது ஆண்டுகளில் நான் கண்டதில்லை. நாங்கள் குடியிருக்கும் கியூர்பீப் நகரம் கடல் மட்டத்துக்கு ஏறத்தாழ 550 மீட்டர் மேலே, தீவின் நடு மேட்டுநிலத்தில் இருக்கிறது. இந்த மேட்டுநிலத்தில் ஆண்டுக்குச் சுமார் 4000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. பேருந்தில் ஏறி மேற்குக் கரைக்கு இறங்கிப் போனால் அங்கே 900 மில்லிமீட்டர்தான். குளிர்ச்சி எங்கள் பங்குக்கும் உலர்ச்சி அவர்கள் பங்குக்கும் வந்துவிட்டன. கியூர்பீப்பில் பருவங்கள் இரண்டே, ஒன்று மழைக்காலம், மற்றது மழை பெய்யும் காலம் என்று இவ்வூரார் சொல்லிச் சிரிப்பதுண்டு. உப்பு ஜாடியிலேயே கசிகிறது, அலமாரியில் வைத்த தோல் செருப்பில் பூஞ்சை பூக்கிறது, பொரித்த அப்பளம் அடுப்படியிலிருந்து இலைக்கு வருவதற்குள் நமுத்துவிடுகிறது.

ஊரின் பெயரே ஒரு பயன்பாட்டுக் குறிப்பு என்பதையும் சொல்லிவிட வேண்டும். மேற்குக் கரையிலுள்ள தலைநகர் போர்ட் லூயிஸிலிருந்து தெற்கே போகும் பயணிகள் இந்த மேட்டில் இளைப்பாறித் தங்கள் புகைக்குழாயைச் சுத்தம் செய்தார்களாம். ‘குழாயைச் சுத்தம் செய்’ என்ற பிரெஞ்சுச் சொற்களே ஊர்ப்பெயராக நிலைத்தன என்பது பலரும் சொல்லும் கதை. அப்படிப்பட்ட ஊரில் இருந்துகொண்டு குறிப்புகளை மதிக்காமல் நடந்தது என் தவறுதான்.

தவறு அப்பளத்தில் தொடங்கவில்லை. கம்பளிச் சட்டையில் தொடங்கியது. பள்ளி விடுமுறையின் முதல் நாள், என் கணவரின் கம்பளி மேற்சட்டையை மற்றத் துணிகளோடு சலவை இயந்திரத்தில் போட்டு வெந்நீரில் துவைத்தேன். வெளியே எடுத்தபோது அது எங்கள் நான்கு வயது மகளுக்கு அளவெடுத்துப் பின்னியதுபோல இருந்தது. ‘கழுத்துப் பட்டியில் எழுதியிருப்பதை நீ ஒரு நாளாவது படித்ததுண்டா?’ என்று அவர் கேட்டார். தமிழில் கேட்டதால் கோபம் உண்மையானது என்று புரிந்துகொண்டேன். சாதாரண வருத்தங்களுக்கு அவருக்கு இத்தீவின் பேச்சுமொழியான கிரியோலே போதும். பிள்ளைகளுக்குத் தமிழ் வாசிக்கக் கற்றுக்கொடுத்துச் சம்பளம் வாங்குகிற ஒருத்தியிடம் இந்தக் கேள்வியைக் கேட்டது சுருக்கென்று தைத்தது. அந்த விடுமுறை முடியும்வரை, வீட்டுக்குள் வரும் எந்தப் பொருளையும் அதன்மேல் எழுதியிருப்பதை எழுத்துப் பிசகாமல் கடைப்பிடித்தே பயன்படுத்துவேன் என்று அப்போதே சபதம் செய்தேன்.

முதலில் கழுத்துப் பட்டியைத்தான் படிக்க உட்கார்ந்தேன். அதில் எழுத்தே இல்லை. ஒரு தொட்டி, அதற்குள் ஒரு கை, பக்கத்தில் குறுக்குக் கோடு போட்ட முக்கோணம், ஒரு சதுரம், வயிற்றில் ஒற்றைப் புள்ளியோடு ஓர் இஸ்திரிப்பெட்டி, கடைசியில் ஒரு வட்டம். என் மாமியார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அதை வெகுநேரம் பார்த்துவிட்டு, கோயிலில் மந்திரித்துக் கொடுக்கும் யந்திரத் தகட்டில் இதே உருவங்கள்தான் இருக்கும் என்றார். அவர் சொன்னதில் பாதி சரி. இதற்கும் ஒரு சம்பிரதாயம் இருக்கிறது. 1963-இல் பாரிஸில் அமைந்த ஜினெடெக்ஸ் என்ற சங்கம் வகுத்துக் காத்துவரும் குறிகள் இவை. தொட்டி என்றால் துவைத்தல், கை இருந்தால் கையால் மட்டும், முக்கோணம் வெளுப்பான், சதுரம் உலர்த்துதல், வட்டம் கடையில் கொடுத்துச் செய்யும் உலர்சலவை, இஸ்திரிப்பெட்டியின் புள்ளிகள் கூடக்கூடச் சூடு கூடும். மொழி தெரியாதவர்களுக்கும் புரிய வேண்டும் என்பதே நோக்கம். நான்கு மொழி தெரிந்த எனக்கு, தொட்டிக்குள் இருந்த கை யாரோ மூழ்கிக்கொண்டே உதவி கேட்பதாகத் தோன்றியது. கம்பளி இழையின் மேற்பரப்பில் மீன் செதில் போன்ற அடுக்குகள் உண்டு. சூடான நீரில் புரட்டி அலைக்கும்போது அந்தச் செதில்கள் ஒன்றோடொன்று கொக்கிபோல மாட்டிக்கொள்ள, பின்னல் இறுகிச் சுருங்கிவிடுகிறது. இதை முழு வாக்கியமாக எழுதியிருந்தால் எனக்கு உறைத்திருக்கும். கணவரிடம் இவ்வளவையும் விளக்கினேன். அவர் சட்டையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

எங்கள் சமையலறைக்கு வரும் பொருள்கள் நான்கு திசைகளிலிருந்தும் வருபவை. பிரான்சிலிருந்து வந்தது பிரெஞ்சு பேசும், தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்தது ஆங்கிலத்தோடு ஆஃப்ரிகான்ஸும் பேசும், இந்தியாவிலிருந்து வந்தது ஆங்கிலமும் இந்தியும் பேசும். அம்மா அனுப்பும் கட்டுகளைத் தவிர்த்தால், இங்குள்ள கடையில் என் கைக்கு வந்துபோகும் பொருள்களில் தமிழ் எழுத்தைத் தாங்கியிருப்பது பெரும்பாலும் மொரீஷியஸ் ரூபாய் நோட்டு ஒன்றுதான். சிறிய எழுத்தை யாரும் படிப்பதில்லை என்று சொல்கிறவர்களுக்கு நான் அந்த நோட்டைத்தான் காட்டுவேன். 1998-இல் வெளிவந்த நோட்டுகளில், வழக்கமாக இரண்டாம் இடத்திலிருந்த தமிழ் வரி இந்திக்குக் கீழே போய்விட்டதை இத்தீவின் தமிழர்கள் கண்டுபிடித்து எதிர்ப்புத் தெரிவிக்க, அந்த நோட்டுகள் திரும்பப் பெறப்பட்டு, பழைய வரிசையில் புதியவை வெளியிடப்பட்டன. அவ்வளவு கூர்மையாக வாசிக்கத் தெரிந்த சமூகத்துக்குத்தான் மருந்துப் புட்டியைக் குலுக்க மறந்துபோகிறது.

குலுக்குவது பற்றி எனக்கு ஒரு பழைய கணக்கு உண்டு. திருமணமாகி வந்த புதிதில், எனக்குக் காய்ச்சல் கண்டபோது, கணவர் மருந்துப் புட்டியைக் கையில் எடுத்து ‘அஜித்தே அவான் தாம்ப்ளுவா’ என்று உரக்கப் படித்தார். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த பெண்ணுக்கு அதில் ஒரே ஒரு சொல்தான் விளங்கியது. மனைவிக்குப் பிடித்த நடிகரை விளித்துப் பேசும் அளவுக்கு இவர் நல்லவர் என்று காய்ச்சலிலும் நெகிழ்ந்துபோனேன். உபயோகிக்குமுன் குலுக்கவும் என்பதுதான் பொருள் என்று பின்னால் தெரிந்தது. இதுவரை நான் சோதித்த கட்டளைகளில் முழு மனத்தோடு கீழ்ப்படியத் தக்கது இது ஒன்று. நீரில் கரையாமல் மிதக்கும் மருந்துத் தூள் புட்டியின் அடியில் படிந்துவிடும். குலுக்காமல் ஊற்றினால் முதல் நாள் வேளைகளில் மருந்து குறைந்தும் கடைசி நாள் வேளைகளில் மிகுந்தும் உள்ளே போகும். சாம்பாரை அடிவரை கலக்காமல் மேலாக மொண்டு விருந்தினருக்கு ஊற்றிவிட்டு, பருப்பெல்லாம் கடைசிப் பந்திக்குப் போவதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஷாம்புப் புட்டியில் இருக்கும் ‘மீண்டும் செய்க’ என்ற வரியைப் பற்றி ஊரெல்லாம் சொல்லித் தேய்ந்த நகைச்சுவையை நான் சொல்லப் போவதில்லை. விற்பனையைப் பெருக்குவதற்காக எழுதிய வரி என்று நானும் நம்பிக்கொண்டிருந்தேன். விடுமுறையின் சனிக்கிழமையன்று அத்தை என் தலையில் கால் படி நல்லெண்ணெயை வைத்துத் தேய்த்துவிட்ட பிறகு நம்பிக்கை மாறியது. முதல் முறை தேய்த்தபோது நுரையே எழவில்லை; எண்ணெய் முழுவதையும் பற்றிக்கொள்வதிலேயே ஷாம்புவின் சத்து தீர்ந்துபோனது. இரண்டாம் முறைதான் நுரைத்தது. தினமும் குளித்துக்கொண்டே இருக்கும் தலைக்கு அந்த வரி வீண். எண்ணெய்த் தலைக்கு அது உண்மை. எழுதியவர் என் மாமியாரைச் சந்தித்திருக்க வாய்ப்பில்லை, ஆனால் ஏதோ ஒரு மாமியாரை மனத்தில் வைத்துத்தான் எழுதியிருக்கிறார்.

மாறாக, வெயில் தடுப்புக் களிம்பு எங்களைக் கடனாளியாக்கப் பார்த்தது. ஞாயிற்றுக்கிழமை இங்கே குடும்பம் குடும்பமாகப் பிரியாணிப் பாத்திரத்தோடு கடற்கரைக்குப் போவது வழக்கம். ஃபிளிக் ஆன் ஃபிளாக் கடற்கரையில் பாயை விரித்ததும் நான் புட்டியை எடுத்துக் குறிப்பைப் படித்தேன்: தாராளமாகப் பூசவும், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மீண்டும் பூசவும். தாராளம் என்றால் எவ்வளவு? புட்டியின் முகப்பில் போடும் வெயில் தடுப்புத் திறன் அளவை நிர்ணயிக்கும் சோதனையில், சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் பூசித்தான் அளக்கிறார்கள். வளர்ந்த ஒருவரின் தோற்பரப்பை 1.7 சதுர மீட்டர் என்று வைத்துக்கொண்டால் ஒரு பூச்சுக்கு 34 கிராம் ஆகிறது. நீச்சல் உடை மறைக்கும் இடத்தைக் கழித்தாலும், எங்கள் 200 மில்லிலிட்டர் புட்டி குடும்பத்துக்கு இரண்டு சுற்றுக்கூடத் தாங்காது என்று மணலில் கணக்குப் போட்டுக் காட்டினேன். என் கணவர் முதுகுக்கு வழக்கம்போல ஒரு பட்டாணி அளவு வைத்துக்கொண்டு கடலுக்குள் இறங்கி, மாலையில் நண்டு நிறத்தில் கரையேறினார். அத்தை புடவைத் தலைப்பால் முக்காடிட்டு, தாழை மர நிழலில் பிரியாணிப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் அமர்ந்திருந்தார். அவருக்கு வேண்டியிருந்தது மூக்குக்கும் பாதத்துக்கும் மட்டும்.

அதே புட்டியின் பின்புறத்தில் மூடி திறந்த ஒரு டப்பாவின் படமும் அதன்மேல் 12 எம் என்ற எழுத்தும் இருந்தன. திறந்த நாளிலிருந்து பன்னிரண்டு மாதத்துக்குள் பயன்படுத்தி முடிக்க வேண்டும் என்று பொருள்; ஐரோப்பிய ஒன்றியத்தில் 2005 முதல் இந்தக் குறி நடைமுறையில் இருக்கிறது. அந்த எம் ஆங்கிலத்தின் ‘மன்த்’துக்கும் பிரெஞ்சின் ‘முவா’வுக்கும் நம் மாதத்துக்கும் ஒருங்கே பொருந்துவதில் எனக்குத் தனி மகிழ்ச்சி. ஆனால் எந்த நாளில் திறந்தோம் என்பதை யார் நினைவில் வைத்திருக்கிறார்கள்? நான் வீட்டிலிருந்த களிம்பு, பசை, பொடி அத்தனையையும் மேசையில் பரப்பி, ஒவ்வொன்றின் வயதையும் விசாரித்தேன். அத்தையின் தலைவலித் தைல டப்பா என் திருமணத்துக்கு முந்தையது என்று சாட்சியம் கிடைத்தது. அதைக் குப்பையில் போட எடுத்தபோது அவர் ‘அயோ!’ என்றார். கிரியோல் மொழிக்கு நாம் கொடுத்த சொற்களில் இது ஒன்று. எந்த நாட்டு விதிமுறையையும் நிறுத்திவிடும் வலிமை அதற்கு உண்டு. டப்பா திரும்ப அவர் தலையணைக்கடியில் போய்விட்டது.

அழுத்தித் திருப்பித் திறக்கும் மாத்திரைப் புட்டியின் கதை இதைவிடச் சிக்கலானது. குழந்தைகளால் திறக்க முடியாத மூடியை அமெரிக்காவில் எப்படிச் சோதிக்கிறார்கள் என்று படித்தேன். 42 மாதம் முதல் 51 மாதம் வரை வயதுள்ள குழந்தைகளிடம் புட்டியைக் கொடுக்கிறார்கள். முதல் ஐந்து நிமிடத்தில் நூற்றுக்கு 85 பேராவது தோற்க வேண்டும். பிறகு திறந்து காட்டி, வேண்டுமானால் பல்லாலும் கடித்துப் பார்க்கலாம் என்று சொல்லி, இன்னும் ஐந்து நிமிடம் தருகிறார்கள். அப்போதும் 80 பேர் தோற்றாக வேண்டும். இன்னொரு பக்கம், 50 முதல் 70 வயது வரையுள்ளவர்களில் 90 பேர் அதைத் திறந்து மூடிவிட வேண்டும். என் மகளுக்கு 48 மாதம், அத்தைக்கு 68 வயது. சோதனைக்கு வேண்டிய இரு தரப்பும் எங்கள் வீட்டிலேயே இருக்கின்றன. முடிவை விரிவாகச் சொன்னால் அத்தை வருந்துவார். பல் பயன்படுத்தப்பட்டது, குழந்தையின் பல் அல்ல என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

அப்பளக் கட்டு மட்டும் மிஞ்சியிருந்தது. உலர்பழப் பொட்டலத்தோடு வந்த சிலிக்கா ஜெல் பையை நான் டப்பாவுக்குள் போட்டேன். நுண்துளைகள் நிறைந்த அந்த மணிகள், ஈரம் மிகுந்த காற்றிலிருந்து தங்கள் எடையில் ஏறத்தாழ நூற்றுக்கு 40 பங்கு நீரை இழுத்துக்கொள்ளும். பையில் இருந்த ஒரே கட்டளை ‘உண்ணாதே’ என்பது. அது பெரும்பாலும் நஞ்சு அல்ல. தின்பண்டத்தோடு சர்க்கரைப் பொட்டலம்போலக் கிடப்பதாலும் குழந்தையின் தொண்டையில் சிக்கும் என்பதாலும்தான் இந்த அதட்டல். எப்படியிருந்தாலும், கியூர்பீப்பின் காற்றுக்கு முன்னால் அந்தச் சின்னப் பை இரண்டு நாள்கூடத் தாக்குப்பிடிக்கவில்லை.

அத்தைதான் வழி சொன்னார். ‘ஃப்ரே’ (குளிர்ச்சி) வேண்டுமென்றால் நம் வீடு, ‘செக்’ (உலர்ச்சி) வேண்டுமென்றால் போர்ட் லூயிஸில் உன் நாத்தனார் வீடு. வெண்ணெயும் சாக்லேட்டும் இங்கே இருக்கட்டும், அப்பளம் அங்கே போகட்டும், ஞாயிறுதோறும் வேண்டியதை எடுத்துக்கொண்டு வரலாம் என்றார். கட்டளையின் இரண்டு பாதிகளையும் இரண்டு வீட்டுக்குப் பிரித்துக் கொடுத்துக் கீழ்ப்படியலாம் என்பது, இத்தனை நாள் படித்த எனக்குத் தோன்றவில்லை. புதிய சிலிக்கா ஜெல் பை ஒன்றையும் போட்டு, டப்பாவை இறுக மூடி, பேருந்தில் கணவரிடம் கொடுத்தனுப்பினேன்.

மூன்றாம் ஞாயிறு டப்பா திரும்பி வந்தது. அப்பளம் மொறுமொறுவென்று அருமையாகப் பொரிந்ததாக நாத்தனார் தொலைபேசியில் நன்றி சொன்னார். திறந்து பார்த்தேன். குறிப்பை மதிக்கும் குடும்பம்தான். ‘உண்ணாதே’ என்று எழுதியிருந்த பை மட்டும் உள்ளே அப்படியே இருந்தது.