மறதிக்காரத் துணையும் இரண்டு கோப்புகளும்

மார்ச் 3
நேற்று இரண்டு மணி நேரம் மல்லுக்கட்டி, சேமிப்பது யூடிசி எனும் உலகப் பொது நேரம், திரையில் காட்டுவது மட்டும் உள்ளூர் நேரம் என்று நானும் கோட் எழுத உதவும் என் ஏஐ துணையும் முடிவு செய்தோம். இன்று புது செஷன் திறந்தால், அதே ஃபங்ஷனில் உள்ளூர் நேரத்தைச் சேமித்து வைத்திருக்கிறது. திட்டிப் பயனில்லை. துணைக்குப் பின்னால் இருக்கும் ஏஐ மாடலுக்குச் சொந்த நினைவு கிடையாது. ஒரே உரையாடலுக்குள்கூடப் பழைய பேச்சை ஒவ்வொரு முறையும் சேர்த்து அனுப்புவதால்தான் அதற்குத் தெரிகிறது. புது செஷனுக்கு அந்தப் பேச்சு போவதில்லை.

மார்ச் 4
ப்ராஜெக்டின் மேல் ஃபோல்டரில் ஏஜென்ட்ஸ்.எம்டி என்றொரு மார்க்டவுன் (எளிய டெக்ஸ்ட்) கோப்பு வைத்தேன். கோடெக்ஸ் முதலான பல ஏஐ கோடிங் கருவிகள் தொடங்கும்போதே இதைப் படித்துவிடும். கிளாட் கோட் என்ற கருவி தேடுவது கிளாட்.எம்டியை. என் கோப்பில் இருப்பது: கோட் சரியா என்று பார்க்கும் டெஸ்ட்டை ஓட்டும் கமாண்ட், யூடிசி விதி, கைவைக்கக் கூடாத ஃபோல்டர். ஒன்பதே வரி.

மார்ச் 9
ஆர்வக்கோளாறில் ஒன்பது வரி 180 ஆகிவிட்டது. விளைவு, டெஸ்ட் ஓட்டாமலே "முடிந்தது" என்கிறது. அந்த விதி 140ஆவது வரியில் புதைந்து கிடந்தது. கோடைப் படித்தாலே தெரிகிற எல்லாவற்றையும் வெட்டினேன். இப்போது 40 வரி, டெஸ்ட் விதி முதலில்.

மார்ச் 12
விதிக்கு ஒரு கோப்பு சரி, அன்றன்றைய நிலவரத்துக்கு? நிலவரம்.எம்டி என்று தனியாக ஒன்று. மூடும் முன் எங்கே நிறுத்தினோம், அடுத்து என்ன, எதை முயன்று கைவிட்டோம், ஏன் என்று எழுதச் சொல்கிறேன். கடைசி இரண்டும்தான் தங்கம். முடித்த வேலை கிட் லாகில் (கோட் மாற்றங்களின் பதிவேட்டில்) இருக்கும். கமிட் ஆகாமல் (கிட்டில் பதிவாகாமல்) அழிந்த முயற்சிக்கு அங்கே தடயமே இருக்காது. இன்றைய கேஷ் (எடுத்த விலையைத் தற்காலிகமாகச் சேமித்து வைக்கும்) முயற்சியும் அப்படித்தான்: பழைய விலையையே காட்டியது, தூக்கிவிட்டோம்.

பொருளை வைத்துத் தேடும் வெக்டர் டேட்டாபேஸ் ஒன்றை நிறுவலாமா என்று கை அரித்தது. இரண்டு டெக்ஸ்ட் கோப்புக்கு எதற்கு?

மார்ச் 17
"டெஸ்ட் எல்லாம் பாஸ்" என்று நிலவரத்தில் துணையே எழுதியிருந்தது. உண்மையில் இரண்டை ஸ்கிப் செய்திருக்கிறது. அடுத்த செஷன் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டு மேலே கட்ட ஆரம்பித்துவிட்டது. இனி இந்தக் கோப்பும் கிட்டில். டிஃப் (எது மாறியது என்ற பட்டியல்) படித்த பிறகே கமிட். கிட்டில் போவதால் பாஸ்வேர்ட், ஏபிஐ கீ (வெளிச் சேவைகளைத் திறக்கும் ரகசியக் குறியீடு) எதுவும் அதில் ஏறவே கூடாது.

மார்ச் 20
புது செஷன். "நிலவரத்தைப் படித்துவிட்டுத் தொடர்" என்றேன். வேண்டுமென்றே கேஷ் போடச் சொல்லிப் பார்த்தேன். 12ஆம் தேதி பழைய விலை வந்ததால் கைவிட்டிருக்கிறோம், விலை மாறும்போதே கேஷை அழிக்கும்படி செய்யட்டுமா என்று கேட்டது. யூடிசி வரியைத் தொடவில்லை.