கொலுச்சாவடியிலிருந்து வந்த குங்குமம்

மாலை ஆறு மணி தாண்டிவிட்டது. மீனாட்சியம்மன் மூலஸ்தானத்தில் திரை போட்டிருந்தார்கள். நவராத்திரி நாட்களில் அந்த வேளையில் உள்ளே அம்மனுக்கு அபிஷேகம், அலங்காரம், கல்ப பூஜை, சகஸ்ரநாம பூஜை என்று வரிசையாக நடக்கும். தேங்காய் உடைப்பதும் அர்ச்சனை செய்வதும் அப்போது கோயிலின் கொலு மண்டபமான கொலுச்சாவடியில் வீற்றிருக்கும் அம்மனுக்குத்தான். வெளியூரிலிருந்து வந்திருந்த ஒரு பெண்மணி அர்ச்சனைத் தட்டோடு திரையையே பார்த்துக்கொண்டு நின்றார். அம்மா அவர் கையைப் பிடித்து, "அவள் வெளியே வந்து உட்கார்ந்திருக்கிறாள், வாருங்கள்" என்று கொலுச்சாவடிக்கு அழைத்துப் போனாள். அது ஆச்சி சொல்லும் வாக்கியம். அம்மாவின் வாயிலிருந்து அதை அன்றுதான் முதல்முறையாகக் கேட்டேன்.

கொலு என்றால் பொம்மை என்றே நாம் பழகிவிட்டோம். அரசர் சபையில் வீற்றிருப்பதுதான் கொலு. மதுரையில் இதை அகராதியில் தேட வேண்டியதில்லை, கோயிலுக்குப் போனால் போதும். சித்திரையில் பட்டம் சூடிச் செங்கோல் ஏந்தும் மீனாட்சி, ஆவணியில் சுந்தரேசுவரருக்குப் பட்டாபிஷேகம் ஆகும்வரை நான்கு மாதம் ஊரை ஆள்கிறாள். கணக்குப் பார்த்தால் புரட்டாசியில் ஆட்சி சொக்கருடையது. ஆனாலும் இந்த ஒன்பது நாளும் சபை அவளுடையது. "புருஷன் ராஜாவாக இருக்கட்டுமே, கொலு இவளுக்குத்தானே!" என்று ஆச்சி சொல்லும்போது, சொந்தப் பேத்தியைப் பற்றிப் பேசுவதுபோல் முகம் மலரும்.

அதனால் எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. அமாவாசையன்றே படி கட்டி, வெள்ளை வேட்டி விரித்து, கலசமும் மரப்பாச்சியும் வைத்துவிடுவோம். ஆனால் முதல் நாள் மாலை கொலுச்சாவடிக்குப் போய் அம்மனைப் பார்த்து, குங்குமம் வாங்கி வந்து மரப்பாச்சிக்கு இட்ட பிறகுதான் கொலுவுக்கு விளக்கேற்றுவோம். "மகாராணி உட்கார்ந்த பிறகுதான் நாம் உட்கார வேண்டும்" என்பது ஆச்சி வகுத்த சட்டம். வேறு வீடுகளில் இப்படிச் செய்கிறார்களா என்று நான் விசாரித்ததே இல்லை.

இரண்டு ஆண்டுகளாக எங்கள் வீட்டில் கொலு இல்லை. ஆச்சி இறந்த ஆண்டு துக்கம். அடுத்த ஆண்டு அம்மாவுக்கு முழங்கால் அறுவை சிகிச்சை. மூன்றாவது ஆண்டும் விட்டுப்போனால் அப்படியே விட்டுவிடுவோம் என்ற பயம் எனக்கு வந்துவிட்டது. அமாவாசைக்கு மூன்று நாள் முன்னதாக மகளையும் கூட்டிக்கொண்டு பாண்டியன் எக்ஸ்பிரஸில் ஏறினேன்.

பரணிலிருந்து தகரப்பெட்டிகளை இறக்கியபோது பாச்சை உருண்டை வாசனையோடு பழைய காலமே இறங்கி வந்தது. ஒவ்வொரு பொம்மையையும் தாத்தாவின் பழைய வேட்டித் துணியில் சுற்றி, மேலே நூல் கட்டி வைத்திருந்தாள் ஆச்சி. தசாவதாரம் முழுசாக இருந்தது. செட்டியாரும் செட்டிச்சியும் கடையோடு வந்தார்கள். மீனாட்சி திருக்கல்யாணப் பொம்மையைப் பிரித்தபோதுதான் அம்மா "ஐயோ" என்றாள். தாரை வார்த்துக் கொடுக்கும் பெருமாளின் வலக்கை மணிக்கட்டோடு உடைந்திருந்தது. கை, கிண்டியைப் பிடித்த பிடியை விடாமல், துணி மடிப்புக்குள் கிடந்தது.

அந்தப் பொம்மை ஆச்சி கல்யாணமாகி வந்த முதல் நவராத்திரிக்குத் தாத்தா புதுமண்டபத்தில் வாங்கியது. தங்கையைத் தாரை வார்க்கும் அண்ணனுக்குக் கை இல்லாமல் எப்படிப் படியில் வைப்பது? புதிதாக ஒன்று வாங்கிவிடலாம் என்று தம்பி சொன்னான். அம்மா பதில் பேசாமல் பொம்மையை மறுபடியும் வேட்டியில் சுற்றத் தொடங்கினாள். மறுநாள் காலை அதை மடியில் வைத்துக்கொண்டு திருப்பரங்குன்றம் பக்கத்தில் இருக்கும் விளாச்சேரிக்குப் பஸ் ஏறினோம்.

விளாச்சேரியில் தெருவுக்குள் நுழைந்தாலே வாசல்களில் பொம்மைகள் காய்ந்துகொண்டிருக்கும். பிள்ளையார் சதுர்த்திக்கு விநாயகர், நவராத்திரிக்குக் கொலு பொம்மை, மார்கழியில் கிறிஸ்துமஸ் குடிலுக்கு மரியாளும் சூசையப்பரும் என்று ஆண்டு முழுவதும் அந்த ஊருக்கு ஏதாவது ஒரு சாமிக்கு வேலை இருக்கிறது. ஒரு திண்ணையில் பெரியவர் ஒருவர் உட்கார்ந்து வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தார். பொம்மையை வாங்கித் தலைகீழாகப் பிடித்து அடிப்பாகத்தை விரலால் சுண்டினார். நல்ல கணீர் ஓசை. "கண்மாய் மண், சூளையில் நன்றாக வெந்திருக்கிறது அம்மா. இந்த வேக்காடு இப்போது எல்லாரும் வைப்பதில்லை" என்றார்.

மெல்லிய கம்பியை உள்ளே செருகிக் கையைப் பொருத்தினார். காகிதக்கூழும் பசையும் குழைத்துச் சுற்றிலும் பூசி, ஈரவிரலால் வழித்துவிட்டார். அது காயும்வரை அங்கேயே காத்திருந்தோம். பிறகு நீல வண்ணம் கலந்தார். பழைய நீலம் மங்கிச் சாம்பல் பூத்திருந்ததால் புதிய நீலம் எவ்வளவு கலந்தாலும் தனியாகத் தெரிந்தது. "முழுவதும் புதிதாகத் தீட்டித் தாருங்கள் ஐயா, முகமும் சேர்த்து" என்று நான் கேட்டேன். அவர் தூரிகையைக் கீழே வைத்துவிட்டார்.

"முகத்தைத் தொட மாட்டேன் அம்மா. இதற்குக் கண் திறந்தது வேறு கை. அவர் திறந்த கண்ணை நான் மூடலாமா?"

பெருமாளின் மணிக்கட்டில் அந்தப் புது நீலம் ஒரு காப்பு போல இருக்கிறது. இப்போது பார்க்கப் பார்க்க எனக்கு அதுதான் பிடித்திருக்கிறது.

முதல் நாள் மாலை கோயிலுக்குள் போனதும் மகளை முதலில் கம்பத்தடி மண்டபத்துக்குத்தான் அழைத்துச் சென்றேன். அங்கே கல்தூணில் அதே திருக்கல்யாணம். நடுவில் நாணித் தலை கவிழ்ந்த மீனாட்சி, ஒரு பக்கம் சொக்கர், மறுபக்கம் தாரை வார்க்கும் பெருமாள். மகள் நெடுநேரம் பெருமாளின் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நம் வீட்டில் இருப்பது இவர்தானா அம்மா?" என்றாள். ஆமாம் என்றேன்.

கொலுச்சாவடியில் அன்று ராஜராஜேசுவரி அலங்காரம். இனி வளையல் விற்ற கோலம், ஊஞ்சல், மகிஷாசுரமர்த்தினி என்று நாளுக்கொரு அலங்காரம். அசுரனை அழித்த கையோடு ஒன்பதாம் நாள் சிவபூஜைக்கு உட்கார்ந்துவிடுவாள். அந்த அலங்காரத்தைப் பார்க்காமல் ஆச்சி ஒரு நவராத்திரியும் விட்டதில்லை. எங்களுக்குக் கிடைத்தது சில நொடிகள்தான், அதற்குள் பின்னாலிருந்து கூட்டம் தள்ளிக்கொண்டு வந்துவிட்டது. செல்போனுக்கு உள்ளே அனுமதியில்லாததால் கூட்டத்தில் எல்லார் கைகளும் கும்பிட்டபடியே இருந்தன. தீப வெளிச்சத்தில் மூக்குத்தி ஒருமுறை மின்னியது. வேண்டிக்கொள்ள நினைத்து வந்தது எதுவும் என் நினைவில் இல்லை. "கொலு வைத்துவிட்டோம் தாயே" என்று மட்டும் சொன்னேன். அம்மா முந்தானை முனையில் குங்குமத்தை முடிந்துகொண்டாள்.

வீட்டில் தம்பி மனைவி தட்டைப்பயறு சுண்டல் தாளித்து இறக்கியிருந்தாள். மரப்பாச்சி ஜோடியை அம்மா கையில் எடுத்தாள். செம்மரம், கருத்து வழவழப்பாகிவிட்டது. ஆண் பொம்மையின் தலையிலும் தோளிலும் சின்னச்சின்னப் பல் தடங்கள். அப்பாவுக்கும் எனக்கும் தம்பிக்கும் பல் முளைத்த பருவத்தில் ஆச்சி கடிக்கக் கொடுத்தது இதைத்தான். செம்மரம் குழந்தைக்கு மருந்து என்பது அவள் நம்பிக்கை. என் மகள் பிறந்தபோது, எச்சில், கிருமி என்று சொல்லி நான் தடுத்துவிட்டேன். ஆச்சி எதுவும் பேசாமல் அதைத் துடைத்துப் பெட்டியில் வைத்தது இப்போதும் கண்ணில் நிற்கிறது.

அம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்து, இரண்டு பொம்மைகளின் நெற்றியிலும் குங்குமம் இட்டாள். விளக்கேற்றினோம். பெருமாள் புதுக் கையோடு தாரை வார்த்துக்கொண்டிருந்தார். எதிர்வீட்டுச் சிறுமிகள் வந்து பாட ஆரம்பித்த வேளையில், தம்பியின் எட்டு மாதக் குழந்தை தவழ்ந்து வந்து கீழ்ப்படியைப் பிடித்து நின்றான். கை நீட்டி மரப்பாச்சியை இழுத்தான், நேரே வாய்க்குக் கொண்டுபோனான்.

தம்பி எழுந்தான். நான் அவன் கையைப் பிடித்து உட்காரவைத்தேன்.