பெயரோடு நேரத்தையும் வாசித்தார்கள்

கடந்த சனிக்கிழமை மாலை, மலேசியாவின் பட்டர்வொர்த்தில் உள்ள ஒரு தமிழ்ப்பள்ளி மண்டபத்தில், வட்டார இளம் விளையாட்டாளர்கள் பதினொரு பேருக்கும், எங்கள் பகுதிக் கோயில்களில் ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளாக நாகசுரம் வாசித்துவரும் பெரியவர் ஒருவருக்கும் பாராட்டு விழா எடுத்தார்கள். இருபது ஆண்டுகளுக்கும் மேலாகத் தமிழ்ப்பள்ளி மாணவர்களைத் திடலுக்கு அழைத்துச் சென்றவன் என்ற முறையில் இப்படிப்பட்ட விழாக்கள் பலவற்றில் அமர்ந்திருக்கிறேன். இந்த விழாவைப் பற்றி எழுதியே ஆகவேண்டும் என்று தோன்றுவதற்குக் காரணம், பாராட்டப்படுபவர்கள் என்ன செய்தார்கள் என்பதை அங்கே சொன்னார்கள்.

முதலில் மேடையேறியவர்கள் தொடர் ஓட்டக் குழுவின் நான்கு சிறுமிகள். அறிவிப்பாளராக இருந்த ஆசிரியை, பள்ளிக்கும் பெற்றோருக்கும் பெருமை சேர்த்த செல்வங்கள் என்று பொதுவாகச் சொல்லிவிட்டுக் கடந்துபோகவில்லை. நால்வரில் யார் முதலில் ஓடியவர், யார் வளைவில் ஓடியவர் என்று ஒவ்வொருவராகக் காட்டினார். சென்ற ஆண்டு மூன்றாவது கைமாற்றத்தில் கோல் நழுவி விழுந்ததையும், இவ்வாண்டு போட்டிக்கு முன் ஆறு வாரங்கள் அந்த ஒரு கைமாற்றத்தையே அவர்கள் திரும்பத் திரும்பப் பயின்றதையும் சொன்னார். ஓடிய நேரத்தை விநாடியின் நூறில் ஒரு பங்கு வரை வாசித்தார். என் பக்கத்தில் இருந்த பாட்டி ஒருவர், "கைமாற்றம்னா என்ன தம்பி?" என்று கேட்டார். நிற்பவர் ஓடத் தொடங்கி, வருபவர் குரல் கொடுத்ததும் திரும்பிப் பாராமல் கையைப் பின்னால் நீட்ட, இருவரும் வேகம் குறையாமல் 30 மீட்டர் எல்லைக்குள் கோலை மாற்றி முடிக்கவேண்டும் என்று விளக்கினேன். அவர் சற்று நேரம் மேடையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "திரும்பிப் பாக்காமயா?" என்று கேட்டுக் கை தட்டினார். எதற்காகத் தட்டுகிறோம் என்று தெரிந்து தட்டிய கை அது.

சில ஆண்டுகளுக்கு முன், ஓர் அமைப்பு நடத்திய விழாவுக்கு என் மாணவன் ஒருவனை அழைத்துச் சென்றிருந்தேன். பிரமுகர்களுக்குப் பொன்னாடை போர்த்தி, அவர்கள் உரையாற்றி முடிக்கும்வரை பிள்ளைகள் இரண்டரை மணி நேரம் மண்டபத்தின் ஓரத்தில் வரிசையில் நின்றார்கள். நீளம் தாண்டுதலில் மாநில அளவில் வென்றவன் அவன். மேடையில் உயரம் தாண்டியவன் என்று அறிவித்தார்கள். பெயரையும் பிழையாகவே வாசித்தார்கள். அவன் எதுவும் சொல்லாமல் வாங்கிக்கொண்டு இறங்கினான். வீடு திரும்பும் வழியில், காரின் பின் இருக்கையிலிருந்து கேடயத்தை நீட்டி, அதிலும் உயரம் தாண்டுதல் என்றே பொறித்திருப்பதைக் காட்டினான். அந்தக் கேடயத்தை அவன் வீட்டில் ஒருபோதும் நான் கண்டதில்லை.

துல்லியமாகச் சொல்வதே மரியாதை என்று அன்றிலிருந்து கருதிவருகிறேன். நம் நாட்டில் 1966ஆம் ஆண்டுக்கான முதல் தேசிய விளையாட்டு வீரர் விருதைப் பெற்றவர் ஓட்டக்காரர் எம். ஜெகதீசன், வீராங்கனை விருதைப் பெற்றவர் எம். ராஜாமணி. அவ்வாண்டு பாங்காக் ஆசிய விளையாட்டுப் போட்டியில் ஜெகதீசன் மூன்று தங்கங்களும், 400 மீட்டர் ஓட்டத்தில் ராஜாமணி தங்கமும் வென்றிருந்தார்கள். 1968இல் மெக்சிகோ ஒலிம்பிக்கில் 200 மீட்டரை ஜெகதீசன் 20.92 விநாடியில் ஓடினார். அந்தத் தேசியச் சாதனை 2017 வரை நின்றது. நாட்டுக்குப் புகழ் சேர்த்தவர் என்ற சொற்றொடரை யாருக்கும் பொருத்தலாம், 20.92 என்பது அவருக்கு மட்டுமே உரியது. திடலில் நிற்கும் பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு அந்த எண்ணைச் சொல்லிப் பாருங்கள், உடனே தன்னுடைய நேரத்தைக் கேட்பான்.

சுவர்ப்பந்து (ஸ்குவாஷ்) ஆடும் பதினான்கு வயது மாணவி ஒருவர் மேடைக்கு வந்தபோது, அறிவிப்பாளர் ஆசிரியை நம் சுவர்ப்பந்து வீராங்கனை எஸ். சிவசங்கரியை நினைவுகூர்ந்தது மிகவும் பொருத்தமாக அமைந்தது. பட்டர்வொர்த்துக்கு வடக்கே, கார்ப் பயணத்தில் எட்டிவிடும் சுங்கைப் பட்டாணியைச் சேர்ந்தவர் அவர். 2022இல் கார் விபத்தில் கழுத்தெலும்பு முறிந்து பர்மிங்ஹாம் காமன்வெல்த் போட்டியைத் தவறவிட்டவர், அடுத்த ஆண்டே ஹாங்சோவ் ஆசியப் போட்டியில் ஒற்றையர் தங்கத்தை வென்றார். 2024இல் லண்டன் கிளாசிக் பட்டத்தையும் கைப்பற்றினார். முழங்காலில் கட்டுடன் நின்ற அந்த மாணவி, அதுவரை குனிந்திருந்த தலையை நிமிர்த்தியதை நான் பார்த்தேன்.

கலைஞரை எப்போது மேடையேற்றுகிறோம் என்பதும் அதே அளவு முக்கியம். பெரும்பாலும் எல்லாம் முடிந்து, உணவு பரிமாறத் தொடங்கி, பின்வரிசை நாற்காலிகளை அடுக்கும் நேரத்தில்தான் ஒரு மூத்த கலைஞரின் பெயர் அழைக்கப்படும். இங்கே அவரை நிகழ்ச்சியின் நடுவில், மண்டபம் நிறைந்திருக்கும்போதே அழைத்து, இருபது நிமிடம் ஒதுக்கியிருந்தார்கள். பொன்னாடையை மடித்து மடியில் வைத்துக்கொண்ட பெரியவர், தமக்குப் பேச வராது, வாசிக்கிறேன் என்றார்.

நாகசுரத்தின் மேல்முனையிலிருந்து நூலில் கட்டித் தொங்கிய சீவாளிகளில் ஒன்றை எடுத்து, வாயில் வைத்து ஈரப்படுத்தி, வெளிச்சத்தில் அதன் பிளவைப் பார்த்து, வேண்டாமென்று விட்டுவிட்டு வேறொன்றை எடுத்தார். நாணலில் செய்யும் அந்தச் சிறு துண்டுதான் இசைக்கு வாய். அதைத் தமிழ்நாட்டிலிருந்து வரவழைத்து, ஒவ்வொன்றையும் நாள்கணக்கில் ஊதிப் பழக்கித்தான் பயன்படுத்துவாராம். தைப்பூசத்துக்கு முதல்நாள் பினாங்கின் தண்ணீர்மலைக் கோயிலை நோக்கி நகரும் வெள்ளி ரதத்தின் முன், நடந்தபடியே அவர் வாசித்ததை இளவயதில் கேட்டிருக்கிறேன். அன்று ஊர்வலத்தின் இரைச்சலில் கேட்காத நுணுக்கங்கள், இந்த மண்டபத்தில் ஒவ்வொன்றாகக் காதில் விழுந்தன.

கடைசியாகக் கம்பீர நாட்டை ராகத்தில் மல்லாரி எடுத்தார். பாடல் வரிகள் இல்லாத, சுவாமி புறப்பாட்டுக்கென்றே உள்ள இசை அது. தொடங்குமுன் தவில்காரரைப் பார்த்து, "பிள்ளைங்க புறப்படட்டும்" என்று மட்டும் சொன்னார். விளையாட்டாளர்கள் பதினொரு பேரும் மேடையிலிருந்து இறங்கி, நடுவழியாக நடந்து, கதவைக் கடந்து திடலுக்குப் போகும்வரை அவர் நிறுத்தவில்லை. வரிசையின் கடைசியில் போன சிலம்பச் சிறுவன், கம்பைத் தோளில் சாய்த்தபடி, தாளத்துக்குக் காலடி மாற்றி வைத்து நடந்தான்.