எட்டு லட்சக் கணக்கு

ஐ.ஐ.டி.யில் எம்.எஸ்சி. கணிதம் படிக்க ஜாம் தேர்வு எழுதப் போகிறவர்கள், பாடத்திட்டத்தைப் புரட்டும் முன்பே ஓ.பி.சி. சான்றிதழுக்கு விண்ணப்பித்துவிடுங்கள். நம்மிடம் இருக்கும் பி.சி., எம்.பி.சி. சாதிச் சான்றிதழ் அங்கே செல்லாது. கிரீமி லேயரில், அதாவது பெற்றோரின் பதவியாலோ வருமானத்தாலோ வசதியானவர்கள் என்று இட ஒதுக்கீட்டிலிருந்து விலக்கப்படும் பிரிவில், வராதவர் என்று மத்திய அரசுப் படிவத்தில், அண்மையில் வாங்கிய சான்றிதழ்தான் வேண்டும் என்பது விண்ணப்பத்தை நிரப்ப உட்கார்ந்த அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

இந்தப் படிப்பின் மேல் ஆசை வரக் காரணம் எங்கள் கல்லூரிப் பேராசிரியர். ஒருநாள் நேரியல் இயற்கணித வகுப்பின் முடிவில், இந்தியக் கணிதவியலாளர்கள் நரசிம்மனும் சேஷாத்ரியும் 1965-இல் வெளியிட்ட தேற்றத்தைக் கரும்பலகையில் எழுதினார். இடப்பக்கம் ரீமான் பரப்பின் மேலுள்ள, படி பூஜ்யமான நிலைத்த வெக்டர் கற்றைகள், வலப்பக்கம் அப்பரப்பின் அடிப்படைக் குலத்தின் பகுக்கவியலாத யூனிட்டரி உருவகிப்புகள், நடுவே இருமுனை அம்புக்குறி. இருவருமே சென்னை லயோலாவில் படித்தவர்கள் என்றார். எனக்குப் பாதிகூட விளங்கவில்லை. விளங்கிக்கொள்ள மேலே படித்தாக வேண்டும் என்பது மட்டும் விளங்கியது.

இ-சேவை மையத்தில் 60 ரூபாய் கட்டினேன். கிராம நிர்வாக அலுவலரும் வருவாய் ஆய்வாளரும் தாமதமின்றிப் பரிந்துரைத்தார்கள். மூன்றாவது வாரம் மனு நிராகரிக்கப்பட்டதாகக் குறுஞ்செய்தி வந்தது. நேரில் போய்க் கேட்டபோது, எழுத்தர் கணினியிலிருந்து கண்ணை எடுக்காமலே, “அப்பா சம்பளம் வருஷத்துக்கு எட்டு லட்ச வரம்பைத் தாண்டுது தம்பி, உங்களுக்கு வராது” என்றார். மறுமுறை போனபோது அவர் இருக்கையில் இல்லை. மாலை நான்கு மணி வரை காத்திருந்து, கடைசிப் பேருந்தைப் பிடித்துத் திரும்பினேன்.

பேராசிரியரிடம் சொன்னதும், 1993 செப்டம்பர் 8 தேதியிட்ட மத்திய அரசுக் குறிப்பாணையை எடுத்துவரச் சொன்னார். விடைத்தாள் திருத்தும் சிவப்பு மையால், வருமான வரம்பைப் பற்றிய பிரிவின் கீழே இருந்த விளக்கத்தை அடிக்கோடிட்டார். சம்பளத்தையும் விவசாய வருமானத்தையும் அந்த வரம்புக்குள் சேர்க்கக் கூடாது என்று அதில் தெளிவாக இருக்கிறது. அப்பா அரசு அலுவலகத்தில் உதவியாளர், அதாவது ‘சி’ பிரிவு ஊழியர். ஆகவே அவர் பதவியாலும் தடை வராது. “நிபந்தனையைப் படிக்காமல் முடிவை மட்டும் எழுதியிருக்கிறார்கள்” என்றார் ஐயா.

அந்தத் தாளோடு, எழுத்தரை விட்டுவிட்டு நேராகத் துணை வட்டாட்சியரைப் பார்த்தேன். அவர் இரண்டு முறை படித்துவிட்டு, புதிதாக மனு போடச் சொன்னார். மீண்டும் 60 ரூபாய். விண்ணப்பம் முடிய நான்கு நாள் இருக்கும்போது சான்றிதழ் கைக்கு வந்தது. வந்ததும் உங்கள் சாதிப் பெயரின் எழுத்துகளை மத்திய அரசுப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்த்துவிடுங்கள். என் நண்பன் ஒருவன் ஓர் எழுத்துக்காக மறுபடியும் அலைந்தான்.

தேர்வு பற்றிச் சொல்ல அதிகமில்லை. ஒன்றுக்கு மேற்பட்ட விடைகள் சரியாக இருக்கக்கூடிய பத்துக் கேள்விகளில் பகுதி மதிப்பெண் கிடையாது, அதில்தான் நான் சறுக்கினேன். பொதுப் பட்டியலில் எனக்கு இடம் வரவில்லை, ஓ.பி.சி. பட்டியலில் மூன்றாம் சுற்றில் வந்தது.