ஆடிக் காற்றில் செஸ்னா

ஆடிக் காற்றில் அம்மி பறக்குமோ என்னவோ, செஸ்னா 172 என்ற சிறு விமானம் நன்றாகவே பறக்கிறது. இறக்குவதுதான் பெரும்பாடு. ஓசூரை அடுத்த பேளகொண்டப்பள்ளியில் ஓடுபாதை கிழக்கு மேற்காக ஓடுகிறது. தென்மேற்குப் பருவக்காற்றோ நேர் எதிரே வராமல், மேற்கு நோக்கி இறங்குபவரை இடப்பக்கத்திலிருந்து தள்ளும்.

அன்று காற்று 240 டிகிரியிலிருந்து, அதாவது தென்மேற்கிலிருந்து, 14 நாட் (மணிக்கு இத்தனை கடல் மைல்); திடீரென ஓங்கி அடிக்கும் வீச்சில் 22. மேற்கு நோக்கிய (270 டிகிரி) ஓடுபாதை 27-உடன் 30 டிகிரி கோணம் என்பதால் பாதி வேகமே குறுக்கே அடிக்கும்; வீச்சிலும் 11 நாட்தான். 15 நாட் குறுக்குக் காற்றில் இறக்கிக் காட்டியிருப்பதாக விமானக் கையேடு சொல்கிறது. கணக்கு இடம் கொடுத்தது, வயிறு கொடுக்கவில்லை.

“வேகம் எவ்வளவு வைப்பாய்?” என்றார் பயிற்சியாளர்.

“69 சார்.” வழக்கமான 65-உடன் வீச்சு வித்தியாசமான 8-இல் பாதி. காற்று சட்டென்று அடங்கினால் விமானத்தின் காற்றுவேகமும் சரியும். அந்த 4 நாட் அதற்கான கைக்காசு. பயந்து இன்னும் கூட்டினால் சக்கரம் தரையைத் தொடாமல் மிதந்துகொண்டே போகும். இறக்கையின் பின்விளிம்பில் இறங்கும் மடலான ஃப்ளாப்பை 30 டிகிரி வரை இறக்காமல் 20-இல் நிறுத்தினோம்.

பசுமைக்குடில்களையும் உழுத நிலங்களையும் கடக்கும்போதெல்லாம் விமானம் குலுங்கியது. மூக்கைக் காற்றின் பக்கம் திருப்பி, சற்றே பக்கவாட்டாக நகர்ந்தபடி இறங்கினேன். ஓடுபாதை நெருங்கியபோது காற்று விழுந்தது. வேகமுள் சரிந்தது, விமானம் இடப்பக்கம் ஒதுங்கியது. “மேலே போகிறேன் சார்” என்று இன்ஜின் விசையைக் கூட்டும் த்ராட்டிலை முழுதாகத் தள்ளினேன். கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 3000 அடி உயரத்தில், பிற்பகல் வெப்பத்தில் காற்று மெலிந்திருக்கும். இன்ஜின் அவசரப்பட்டு ஏற்றிவிடாது. அதனால்தான் இந்த முடிவைத் தாமதிக்கவே கூடாது என்பேன். சார் ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் பேசாமலிருப்பதே பாராட்டு.

அடுத்த சுற்றில் ஓடுபாதைக்கு மேல் வந்ததும் வாலிலுள்ள திருப்பியை இயக்கும் வலது ரடர் மிதியைக் காலால் அழுத்தி மூக்கை நேராக்கினேன். அதே நொடியில், விமானத்தைப் பக்கவாட்டில் சாய்க்கும் இறக்கை மடலான ஏலரானை இடப்பக்கம் சாய்த்து இடது இறக்கையைத் தாழ்த்தினேன். இடது சக்கரம் முதலில் தொட்டது, பிறகு வலது, கடைசியாக மூக்குச் சக்கரம். சக்கரம் தொட்டதும் கை தானாகத் தளரப் பார்க்கும்; விடக்கூடாது. வேகம் குறையக் குறைய ஏலரான் வலுவிழப்பதால் அதைக் காற்றின் பக்கம் இன்னும் திருப்பிக்கொண்டே போக வேண்டும். கையைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள். உண்மையில் உழைப்பவை கால்கள்.

கிழக்கே திரும்பி ஓடும்போது காற்று வலப்பக்கப் பின்புறத்திலிருந்து வந்தது. இப்போது எல்லாம் தலைகீழ்: கைப்பிடிச் சக்கரமான யோக்கை முன்னால் தள்ளி, இடப்பக்கம் திருப்பிப் பிடித்துக்கொண்டேன். நிறுத்துமிடத்தில் இறக்கைகளைக் கயிற்றால் கட்டி முடிக்கும்வரை சார் பக்கத்திலேயே நின்றார்.