அறை ஏதும் காலி இருக்கிறதா?

கலிபோர்னியாவின் சான் ஹோசேயில் என்னோடு வேலை பார்க்கும் ஒருவர் டொயோட்டா பிரியஸ் காரில்தான் குடியிருக்கிறார். முழுநேர வேலை, மாதச் சம்பளம் எல்லாம் உண்டு. வீட்டுக்கு முன்பணம்தான் புரளவில்லை.

ஏன் பிரியஸ்? பெட்ரோல் எஞ்சினும் பெரிய பேட்டரியும் சேர்ந்த ஹைப்ரிட் என்பதால் ராத்திரி ஏசி பேட்டரியில் ஓடும். சார்ஜ் இறங்கினால் எஞ்சின் தானாக முழித்துக்கொண்டு, கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும். குளியல் ஜிம்மில். கண்ணாடியை விரலளவு இறக்கி வைக்காவிட்டால் மூச்சுக்காற்றே நீராகப் படிந்து, விடிவதற்குள் போர்வை ஈரமாகிவிடுமாம். சட்டை மட்டும் பின்சீட்டுக் கைப்பிடியில், இஸ்திரி கலையாமல்!

இதே மாநிலத்தின் சாண்டா பார்பராவில் 2004 முதலே இப்படிக் காரில் வாழ்பவர்கள் ராத்திரி வண்டியை நிறுத்திக்கொள்ள இடம் ஒதுக்குகிறார்கள். இவருக்கு இங்கே அப்படி ஒன்றும் அமையவில்லை.

ஆபீசில் யாருக்கும் தெரியாது, பெயர் கேட்காதீர்கள். வாடகை கட்டுவார், முன்பணம் மட்டும் கொஞ்சம் பொறுத்துத் தருவார். அறை இருந்தால் இன்பாக்ஸுக்கு வாருங்கள்.